மூடப்பட்ட அமெரிக்க நேஷனல் வங்கிகளின் 50, 100 டாலர் நோட்டுகளை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நேஷனல் வங்கிகள் என்பவை அமெரிக்க மத்திய அரசின் சாசனம் (உரிமம்) பெற்று, தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்ட தனியார் வங்கிகள். முதலில் நோட்டில் வங்கியின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். 1929 வரிசையில் பழுப்பு முத்திரையோடு இரண்டு விதமான நோட்டுகள் உண்டு: நேஷனல் வங்கிகளுடையவை, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் வங்கிகளுடையவை. இரண்டிலும் ‘நேஷனல் கரன்சி’ என்றே இருக்கும். இடப்பக்கம் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பெயரும், கறுப்பில் அதன் மாவட்டத்தைக் குறிக்கும் பெரிய ஆங்கில எழுத்தும் இருந்தால் அது நீங்கள் தேடும் நோட்டு அல்ல, விலையும் பொதுவாகக் குறைவு. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

1929 வரிசை நேஷனல் வங்கி நோட்டிலேயே இரண்டு வகை உண்டு. இரண்டிலும் சாசன எண் (அரசு அந்த வங்கிக்குத் தந்த எண்) கறுப்பில் இரண்டு இடத்தில் இருக்கும். வரிசை எண்ணுக்கு அருகே பழுப்பிலும் அதே எண் இருந்தால் அது இரண்டாம் வகை. 50, 100 டாலரில் இதுதான் அரிது. முதல் வகையில், ஒரே தாளில் சேர்த்து அச்சிட்ட ஆறு நோட்டுகளுக்கும் ஒரே வரிசை எண்தான். எண்ணுக்கு முன் வரும் எழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும்.

விலையைத் தீர்மானிப்பது முகமதிப்பு மட்டுமல்ல, அந்த வங்கியின் நோட்டுகளில் எத்தனை மிஞ்சின என்பதும்தான். சான் பிரான்சிஸ்கோவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா (சாசன எண் 13044) 100 டாலர் எளிதில் கிடைக்கும். சிற்றூர் வங்கியின் 20 டாலரே அதைவிட விலை போகலாம். 500, 1000 டாலரை மறந்துவிடுங்கள், அவை 19ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டன.

1929க்கு முந்தைய பெரிய அளவு நோட்டுகளில் வங்கி அதிகாரிகளின் கையொப்பம் பெரும்பாலும் பேனாவிலோ ரப்பர் முத்திரையிலோ இட்டது, மங்கிப்போவது இயல்பு. பளிச்சென்று கறுப்பாக இருந்தால் பின்னாளில் மேலெழுதியதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். புற ஊதா விளக்கில் ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தால், அங்கே புதுக் காகிதம் ஒட்டியிருக்கலாம்.