விருப்பப்பாடமாக சயின்ஸ் ஒலிம்பியாட்: கேள்வி பதில்

அமெரிக்கப் பள்ளி அணிகள் மோதும் அறிவியல் போட்டியான சயின்ஸ் ஒலிம்பியாட் 1984ஆம் ஆண்டு தொடங்கியது. எங்கள் பள்ளியில் அதை விருப்பப்பாடமாகவே நடத்துகிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

வகுப்பில் முப்பது பேர். அணியிலோ 15 இடம்தான். மீதிப் பேரை என்ன செய்வது?

வகுப்பு வேறு, அணி வேறு என்பதை முதல் வாரமே பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். பிற பள்ளிகள் நடத்தும் அழைப்புப் போட்டிகளுக்கு இரண்டாவது அணியையும் அனுப்புங்கள். இன்னொன்று: சயின்ஸ் ஒலிம்பியாட்டுக்குள் மொத்தம் 23 தனித்தனிப் போட்டிகள், ஒவ்வொன்றிலும் பெற்ற இடத்தைக் கூட்டி, தொகை குறைந்த அணியே வெல்கிறது. ஆகவே யாரும் சீந்தாத போட்டியை எடுத்துப் படிக்கும் மாணவி அணிக்குப் பெரும் பலம்.

மதிப்பெண் எதற்குத் தருவது?

பதக்கத்துக்குத் தரவே கூடாது. குறிப்பேட்டுக்குத் தாருங்கள். பூமிலீவர் என்ற போட்டியில் சுவரிலிருந்து நீளும் மரச்சட்டகம் ஒன்றைச் செய்து, அதன் நுனியில் வாளியைத் தொங்கவிட்டு மணல் கொட்டுவார்கள். குறைந்த எடையுள்ள சட்டகம் அதிகச் சுமை தாங்க வேண்டும். எங்கள் மாணவர்கள் பால்சா என்ற லேசான மரத்தின் ஒவ்வொரு குச்சியையும் தராசில் நிறுத்து எழுதுகிறார்கள். உடைவதைக் கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். அழுத்தம் தாங்கும் கீழ்க்குச்சி முறிவதற்கு முன் பக்கவாட்டில் வளைந்தது தெரிந்தால், தடித்த மரம் தேவையில்லை, குறுக்குத் தாங்கல் போதும். உடைந்த சட்டகத்திலிருந்து இதைக் கண்டு எழுதியவருக்கு முழு மதிப்பெண்!

நான் உயிரியல் ஆசிரியை. இயந்திரம், மின்சுற்று எதுவும் தெரியாதே?

தெரியாவிட்டால் பரவாயில்லை. விதிநூலை மாணவர்களோடு வரிவரியாகப் படியுங்கள். அளவு மீறிய கருவி எவ்வளவு நன்றாக இயங்கினாலும் பின்னுக்குப் போய்விடும். பொறியாளரான பெற்றோரை அழைத்து விளக்கச் சொல்லலாம். ஆனால் பசைக்குப்பியை அவர் கையில் கொடுக்காதீர்கள். கருவியை மாணவர்களே செய்ய வேண்டும் என்பது விதி.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் நடுநிலைப் பள்ளி அணியில் சேரலாமா?

சேரலாம். ஆறு முதல் ஒன்பது வரை 'பி' பிரிவு. ஒன்பதாம் வகுப்பினர் ஐவருக்கு மேல் கூடாது.

பள்ளி முடிந்தபின் நடத்தினால் போதாதா?

அப்படி நடத்தினால் அழைத்துப்போகக் கார் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். பள்ளிப் பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லாதவரும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஓடுபவரும் எப்படித் தங்குவார்கள்? அவர்களுக்காகவே கால அட்டவணையில் இடம் கேட்டு முதல்வரிடம் வாதாடுங்கள்.