வார்டில் நடந்ததை யாரிடம் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

உங்கள் ஊர் மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைத்த கவனிப்பு எப்படி இருந்தது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளைப் பற்றியவை. சிகிச்சையைக் குறை சொன்னவர்கள் மிகச் சிலரே. பேசிய விதம், விவரம் சொல்லாமை, கையூட்டு ஆகியவற்றைப் பற்றி மனம் நொந்து எழுதியவர்களே அதிகம். எழுதியவர்களின் பெயர், ஊர், மருத்துவமனை ஆகியவற்றைத் தவிர்த்துச் சில கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. மருத்துவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் குழந்தையைத் துண்டில் சுற்றிக் கதவருகே கொண்டுவந்த பெண், பணம் கொடுத்தால்தான் கையில் தருவேன் என்றார். அதற்கு முன் மகள் வலியில் கத்தியபோது அங்கிருந்தவர்கள் சொன்ன சொற்களை எழுதவே கூசுகிறது. புகார் செய்தால் மகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து பணத்தைக் கொடுத்துவிட்டோம். இப்போது புகார் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். ஒன்றோடொன்று கலந்து எழுதினால் பணம் வாங்கியது மட்டுமே விசாரிக்கப்பட்டு, மகள் பட்ட அவமானம் விடுபட்டுப் போகும்.

முதலில் பணம். அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையைத் தாயின் குடும்பத்தாரிடம் காட்டுவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, கேட்பது கையூட்டு. லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம், வற்புறுத்தலுக்கு ஆளாகிப் பணம் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் அதைத் தெரிவித்துவிட்டால் அவரைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. எனவே இப்படி ஒன்று நடந்தால், வீடு திரும்பிச் சில வாரங்கள் ஓய்வெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்களைப் பொறுத்தவரை அந்தக் கெடு தாண்டிவிட்டதென்றாலும் மருத்துவமனைத் தலைவரிடம் புகார் கொடுக்கத் தடையில்லை. பல அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, காவல் பணிகள் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டிருப்பதால், பணம் கேட்டவர் எந்த நிறச் சீருடை அணிந்திருந்தார், எந்த ஷிப்டில் இருந்தார், எந்த வாசலில் நின்றார் என்று எழுதினால்தான் அவர் அரசுப் பணியாளரா ஒப்பந்தப் பணியாளரா என்பதைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க முடியும். பெயர் தெரியாது என்பதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள். தேதியும் நேரமும் இருந்தால் அன்றைய பணிப் பட்டியலைப் பார்த்து அவர்களே பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது, ஏச்சு. இதைச் சிறு விஷயமாக நினைத்து விட்டுவிடுபவர்கள் பலர். "பிரசவ வார்டென்றால் அப்படித்தான், குழந்தை நல்லபடியாகப் பிறந்ததே போதும்" என்று பெரியவர்களே சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மணி நேரங்களில் தாயின் உயிருக்குப் பெரிய ஆபத்து ரத்தப்போக்குதான். விரிப்பு நனைந்திருக்கிறது, தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்பதைப் படுத்திருக்கும் பெண்தான் முதலில் உணர்கிறாள். சற்று முன் திட்டு வாங்கியவள் மறுபடியும் வாய் திறக்கப் பயந்து, அடுத்த முறை சிஸ்டர் வரும்வரை பேசாமல் கிடப்பாள். ஆகையால் பிரசவ அறையில் மரியாதையாகப் பேசுவது வெறும் பண்பு மட்டுமன்று, அதுவும் சிகிச்சையைச் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் தாயை மரியாதையுடன் நடத்துவதும், அவள் விரும்பும் ஒருவரைப் பிரசவத்தின்போது உடனிருக்க விடுவதும் இடம்பெற்றிருக்கின்றன. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளிடம் இதையே எதிர்பார்க்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கம் அதற்கு முன்பே ஏற்பட்டது. அம்மாவோ அக்காவோ அருகில் இருக்கும் பெண்ணிடம் யாரும் எளிதில் தடித்த வார்த்தை பேசிவிட மாட்டார்கள். மகளுக்கு வலி எடுத்தபோது உங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள்; அதையும் புகாரில் சேருங்கள்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு அரசு நிலையங்களில். இத்தனை பெண்களை வீட்டுப் பிரசவத்தின் ஆபத்திலிருந்து மீட்டு உள்ளே அழைத்து வந்தது இந்த மாநிலத்தின் பெரும் சாதனை. அப்படி நம்பி வந்தவளை ஏசி அனுப்புவதை மன்னிக்க முடியாது.

புகாரை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பலரும் அலைகிறார்கள். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையின் கீழ் வருகின்றன. அங்கே தலைமை மருத்துவரிடம் கொடுத்து, நகலை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையென்றால் டீனுக்கு எழுதலாம். அன்றாடக் குறைகளை அங்குள்ள நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடமே சொல்லிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையம் மாவட்ட சுகாதார அலுவலரின் பொறுப்பில் இருக்கிறது. எதுவுமே புரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழையுங்கள். அது ஆலோசனைக்கு மட்டுமின்றிக் குறைகளைப் பதிவு செய்வதற்குமான எண்.

கேள்வி: எல்லா மருந்தும் இலவசம் என்கிறார்கள். ஆனால் என் கணவருக்கு வேண்டிய ஊசிமருந்தை வெளியே வாங்கிவரச் சொல்லித் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். இது முறைதானா?

முறையன்று. ஆனால் சீட்டு எழுதியவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகையைக் காட்டும் பாஸ்புக் கணக்கின்படி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. இம்முறையைப் பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின. கிடங்கில் ஒரு மருந்து தீர்ந்துபோவதும் உண்டு; அப்போது உள்ளூரில் வாங்கிக்கொள்ள மருத்துவமனைக்கு ஓரளவு நிதி இருக்கிறது. எனவே சீட்டை வாங்கியவுடன் எதிரிலிருக்கும் மருந்துக் கடைக்கு ஓடாமல், "இது ஸ்டோரில் இல்லையா, உள்ளூர்க் கொள்முதலில் வாங்கித் தர முடியுமா?" என்று டூட்டி டாக்டரிடமோ ஆர்.எம்.ஓ.விடமோ கேளுங்கள். உயிருக்கு அவசரமென்றால் முதலில் வாங்கிக் கொடுத்துவிட்டு, சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்துப் பிறகு முறையிடுங்கள்.

கேள்வி: என் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது என்ன நடக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். பிறகு வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். பழைய கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டால், தர முடியாது என்கிறார்கள். எங்களுக்கு உரிமை இல்லையா?

உரிமை இருக்கிறது. இந்திய மருத்துவ மன்றம் 2002-இல் வகுத்த நடத்தை விதிகள், உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் முன்வைத்த நோயாளர் உரிமைப் பட்டயத்திலும் இவ்வுரிமை உண்டு. வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். தந்தையின் பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தந்தையின் கையெழுத்தோடு விண்ணப்பம் எழுதி, நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்கலாம். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், சிகிச்சைக்கு உடனே தேவைப்படுகிறவர்கள் முதல் வழியைத்தான் பற்ற வேண்டும். இரண்டு டாக்டர்கள் போனில் பேசிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தந்தையை இப்போது பார்க்கும் மருத்துவரிடம் அப்படி ஒரு முறை பேசச் சொல்லிப் பாருங்கள்.

விவரம் சொல்லாதது பற்றி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பவர்களின் வேதனை, உள்ளே இருப்பவர்களுக்குப் பல நேரங்களில் தெரிவதில்லை. நாளுக்கு ஒரு முறை, ஒரு குறித்த நேரத்தில், ஒரு மருத்துவர் வெளியே வந்து ஐந்து நிமிடம் பேசினால் அந்தக் கதவருகே எழும் சண்டைகளில் பெரும்பகுதி எழாது என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு மருத்துவமனை முன்வராத இடத்தில், குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசுவதற்கென்று வைத்துக்கொண்டு, காலை ரவுண்ட்ஸ் முடியும் நேரத்தில் அவரே தினமும் கேட்பது நல்லது. மாமா ஒரு பக்கமும் மருமகன் ஒரு பக்கமுமாக வெவ்வேறு பேரிடம் கேட்டால் கிடைக்கும் பதிலும் வெவ்வேறாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். நோயாளிகளின் அனுபவத்தை மட்டும் கேட்கிறீர்களே, எங்கள் அனுபவத்தை யார் கேட்பது? இரவுப் பணியில் முழு வார்டையும் இருவர் பார்க்கிறோம். ஒருவருக்கு டிரிப்ஸ் மாற்றும்போதே நான்கு பேர் கூப்பிடுகிறார்கள். உடன் இருப்பவர்கள் கை ஓங்குகிறார்கள்.

நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். கற்பிக்கும் மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். இரவில் முழு வார்டுக்கு இருவர் என்பது அதற்கு எவ்வளவு தொலைவு என்று நான் விளக்க வேண்டியதில்லை. மேலே உள்ள முதல் கேள்விக்கும் உங்கள் கடிதத்துக்கும் தொடர்பு உண்டு: ஆள் குறைந்த வார்டில்தான் பேச்சு தடிக்கிறது. ஆனாலும் வலியில் கிடப்பவளை ஏசுவதற்கு ஆள் பற்றாக்குறை காரணமாகாது. செவிலியர்மீது கை ஓங்குவதற்குத் தாமதம் காரணமாகாததைப் போலவே. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது தனிக் குற்றம். தயங்காமல் புகார் செய்யுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் புகாரில் "சிஸ்டர் வரவில்லை" என்று முடித்துவிடாமல், அந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் இருந்தார்கள் என்றும் எழுதுங்கள். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்கும் தலைமை மருத்துவருக்கு அது கைகொடுக்கும்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டத்தான் வேண்டுமா?

அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததாகவும், சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் உள்ளதாகவும் இருந்தால் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறுவதற்கான திட்டம் இது. பணம் கேட்டால் கட்டுவதற்கு முன் 1800 425 3993 என்ற எண்ணை அழையுங்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதோடு புகார் கொடுங்கள். ரசீது தர மறுத்ததையும் அதில் எழுதுங்கள்.

கேள்வி: எல்லோரும் குறைதான் எழுதுவார்கள். விபத்தில் சிக்கிய என் தம்பியை நள்ளிரவில் 108-இல் கொண்டுபோனோம். காலணா கேட்காமல் காலை வரை நின்று காப்பாற்றினார்கள். கடைநிலைப் பணியாளர் ஒருவர் ரத்தம் தோய்ந்த அவன் சட்டையைக்கூட அலசிக் கொடுத்தார். நூறு ரூபாய் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். அவர்களுக்கு எப்படி நன்றி செலுத்துவது?

நீங்கள் எழுதியது மிகுந்த மகிழ்ச்சியளிக்கிறது. புகாரைப் போலவே நன்றியையும் எழுதிக் கொடுங்கள்: தேதி, வார்டு, நேரம், தெரிந்தால் பெயர். முகவரியும் அதே தலைமை மருத்துவர் அல்லது டீன்தான். அந்தச் சட்டையை அலசிக் கொடுத்தவரைத் தவறாமல் குறிப்பிடுங்கள். மருத்துவருக்கு வரும் பாராட்டில் ஒரு பங்கு கூட இவர்களைப் போன்றவர்களுக்கு வருவதில்லை. பணமாகவோ பொருளாகவோ ஏதேனும் செய்ய விரும்பினால் தனிநபர் எவரிடமும் கொடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. அது நன்கொடை பெறலாம். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், வெளியே காத்திருப்போருக்கான பெஞ்சு ஆகியவற்றில் எது அங்கே குறைவாக இருக்கிறதென்று ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்; ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.