‘ரெண்டு கிளாஸ்தான்’ என்றால் எவ்வளவு?

கேள்வி: டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் கல்யாண வரவேற்பு முடிந்து சாட்ஸ்வொர்த் திரும்பும்போது போலீஸ் தம்பியை நிறுத்தி, ரத்தமும் எடுத்துவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அன்றைக்கு நடந்ததையெல்லாம் எழுதித் தரச் சொல்கிறார் வக்கீல். ‘ரெண்டு கிளாஸ் பிராண்டிதான்’ என்கிறான் தம்பி. இதில் எழுத என்ன இருக்கிறது?
- ஓர் அக்கா, டர்பன்

பதில்: அந்த ‘கிளாஸ்’தான் சிக்கலே, சகோதரி. பாரில் ஒரு டாட் என்றால் 25 மி.லி. கல்யாண வீட்டில் யார் அளந்து ஊற்றுகிறார்கள்? அதே மாதிரி கிளாஸில், கோக் கலக்குமுன் பிராண்டி எதுவரை இருந்ததோ அதுவரை தம்பியைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அதை அளவுக் கோப்பையில் கொட்டிப் பாருங்கள். 60 மி.லி. வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

43 சதவீத பிராண்டியில் இரண்டு டாட் என்றால் சுமார் 17 கிராம் ஆல்கஹால். இரண்டு அறுபது என்றால் 41 கிராம். குடித்த அளவையும் உடல் எடையையும் வைத்து ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்று மதிப்பிடும் விட்மார்க் கணக்குப்படி, 75 கிலோ ஆணுக்கு முன்னது 100 மி.லி. ரத்தத்தில் 0.033 கிராம், பின்னது 0.08. நேரம் போகப் போக உடல் எரிப்பதை இதில் கழிக்கவில்லை. நம் தென்னாப்பிரிக்காவில் 0.05 தொட்டாலே குற்றம். தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02.

அடுத்தது மணிக்கணக்கு. முதல் கிளாஸ் எப்போது, கடைசி எப்போது, பிரியாணி அதற்கு முன்பா பின்பா? வயிறு நிறைந்திருந்தால் மெதுவாக ஏறும். கிளம்பும் நேரத்தில் மடமடவென்று குடித்திருந்தால் வண்டி ஓட்டும்போதும் ஏறிக்கொண்டே இருந்திருக்கும். இறங்குவதோ மணிக்கு 0.01 முதல் 0.025 வரைதான். நேரத்துக்கு நினைவை நம்பாமல் போட்டோ, வாட்ஸ்அப், பெட்ரோல் ரசீதைப் பாருங்கள். நிறுத்தியது எத்தனை மணி, ரத்தம் எடுத்தது எத்தனை மணி என்பது மிக முக்கியம். ஓட்டியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் 0.05 இருந்தால், ஓட்டும்போதும் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ரத்தம் எடுக்க ஊசி குத்துமுன் எதால் துடைத்தார்கள், ஸ்பிரிட் வாசம் வந்ததா என்பதையும் எழுதட்டும்; ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தானே.

எடை, உயரம், சாப்பிடும் மாத்திரைகள் இவற்றையும் எழுதட்டும். சர்க்கரை வியாதி இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். சர்க்கரை இறங்கினாலும் நாக்கு குழறும், கால் தள்ளாடும். அன்றிரவு தம்பியைப் பார்த்த டாக்டர் எழுதிய குறிப்பைப் படிப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

எழுதுவது தம்பியாக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம். மறந்ததை ‘மறந்துவிட்டது’ என்றே எழுதட்டும். குறைத்து எழுதினால் ரத்த முடிவு வரும் நாளில் வக்கீல்தான் முழிப்பார். தாள் அவர் கைக்கு மட்டும் போகட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிடப் போகிறது! கிளாஸ் சோதனையை இன்றே செய்யுங்கள். வாடகைக் கிளாஸ் என்றால் கல்யாண வீட்டார் இந்நேரம் திருப்பிக் கொடுக்கக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.