கர்த்தர்னு கூப்பிட்டா கேக்காதா?

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாசம் எங்க வாலிபர் கூட்டத்துல வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்து பேசினார். கர்த்தர்ங்கறது சமஸ்கிருத வார்த்தை, கடவுளோட உண்மையான பேரு யாவே, அந்தப் பேரைச் சொல்லி ஜெபிக்கலன்னா ஜெபம் போய்ச் சேராதுன்னு சொன்னார். அன்னைக்கு ராத்திரியே ஃபிரெண்ட் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினான், அதுல யெகோவாவே கானான் பக்கத்து பழைய சாமிதான், இஸ்ரவேலர் எடுத்து தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்கன்னு இருந்துச்சு. எல்ஷடாய், ஏலோஹிம், யெகோவாயீரேன்னு பாட்டுல பாடறோமே, இதெல்லாம் ஒருத்தரோட பேரா, பல பேரா? எங்க ஆச்சிக்கு 82 வயசு. விடியக்காலம் நாலரைக்கு எழும்பி "கர்த்தாவே"ன்னுதான் ஜெபத்தை ஆரம்பிப்பாங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லணுமா?

ஒரு வாசகன், தூத்துக்குடி

அன்புள்ள தம்பி,

ஆச்சிகிட்ட அந்த ஆள் சொன்னதைச் சொல்ல வேண்டாம். அது தப்பு. ஏன் தப்புன்னு சொல்றேன், நீளமாத்தான் வரும்.

எபிரெயத்துல அந்தப் பேரு நாலே எழுத்து. யோத், ஹே, வாவ், ஹே. பழைய ஏற்பாட்டுல 6,800 தடவைக்கு மேல வருது. பழைய எபிரெய எழுத்துல பெரும்பாலும் மெய்யை மட்டும்தான் எழுதுவாங்க, உயிர் ஒலி வாசிக்கறவன் வாயில இருந்துதான் வரணும். தமிழ்ல "ப்ட்ம்"னு எழுதி வச்சா அது படமா, பாடமா, பீடமான்னு இடத்தைப் பாத்து நாமளே புரிஞ்சுக்கற மாதிரி. அதனால ஒரு சொல்லை ஜனங்க வாயால சொல்றதை நிறுத்திட்டா, எழுத்து அப்படியே இருக்கும், ஒலி மட்டும் போயிடும். இந்தப் பேருக்கு நடந்தது அதுதான். மரியாதை கூடக்கூட அதைச் சொல்றது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவுல யோமான்னு ஒரு பகுதி இருக்கு, அதுல சொல்லியிருக்கு: பாவநிவிர்த்தி நாள்ல பிரதான ஆசாரியன் அந்தப் பேரைச் சொல்றப்ப, பிராகாரத்துல நிக்கற ஜனங்க அதைக் கேட்டதும் முழங்கால் போட்டு முகங்குப்புற விழுவாங்களாம். கி.பி. 70-ல ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்றதுக்குன்னு இருந்த இடமே இல்ல.

சரி, ஆலயம் போச்சு, வேதம் வாசிக்கணுமே. அந்த நாலெழுத்து வர்ற இடத்துல "அதோனாய்"னு வாசிச்சாங்க, என் ஆண்டவர்னு அர்த்தம். பல நூற்றாண்டு கழிச்சு கலிலேயா ஏரிக்கரையில திபேரியாவுல மசோரேத்துகள்னு சொல்ற அறிஞர்கள் உட்காந்து, வாசிப்பு மறந்து போயிடக் கூடாதேன்னு எழுத்துக்குக் கீழயும் மேலயும் புள்ளி, கோடு வச்சு உயிர் ஒலியைக் குறிச்சாங்க. நாலெழுத்தை அவங்க தொடல. ஆனா அதுல அதோனாயோட உயிர்க்குறிகளை வச்சாங்க, இங்க அதோனாய்னு வாசின்னு ஞாபகப்படுத்த. இந்த வழக்கம் தெரியாத இடைக்கால ஐரோப்பியர்கள் எழுத்தையும் குறியையும் சேர்த்து அப்படியே வாசிச்சாங்க, வந்தது யெகோவா. அதாவது ஒரு பேரோட மெய்யும் இன்னொரு பேரோட உயிரும் சேர்ந்த சொல். அதுக்காக அதைச் சொல்றவங்க பக்தி பொய்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், எத்தனை பேர் அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டு உயிர் வாழ்ந்திருக்காங்க.

அப்ப யாவேதானே சரின்னு கேப்ப. அதுவும் அறிஞர்கள் ஆதாரத்தை வச்சு மீட்டெடுத்த உச்சரிப்புதான். நல்ல ஆதாரம் இருக்கு, நானும் ஏத்துக்கறேன். 5-ஆம் நூற்றாண்டுல தியோதொரேத்துன்னு ஒரு சபைப் பிதா, சமாரியர் அந்தப் பேரை "யாபே"ன்னு சொல்றாங்கன்னு கிரேக்கத்துல எழுதி வச்சிருக்கார். அல்லேலூயாவோட கடைசியில வர்ற "யா" அந்தப் பேரோட சுருக்கம்தான், "யாவைத் துதியுங்கள்"னு அர்த்தம். ஆக, யாவேங்கற உச்சரிப்பு வேற, அதைச் சொன்னாத்தான் ஜெபம் போகும்ங்கறது வேற. ரெண்டாவது உண்மைன்னா 2,000 வருஷமா அதோனாய்னு ஜெபிச்ச யூதர்கள் யாரோட ஜெபமும் போய்ச் சேரலன்னு ஆகும். இயேசு கத்துக் குடுத்த ஜெபம் பிதாவேன்னுதானே ஆரம்பிக்குது? நமக்குக் கிடைச்ச புதிய ஏற்பாட்டு கிரேக்கக் கையெழுத்துப் பிரதி எதுலயும் அந்த நாலெழுத்து கிடையாது, "கிரியோஸ்"னு, ஆண்டவர்னுதான் இருக்கு. அதோனாய், கிரேக்கத்துல கிரியோஸ், லத்தீன்ல தோமினுஸ், தமிழ்ல கர்த்தர். ஆச்சி வாயில வர்ற சொல் இந்த வரிசையில வந்தது. கர்த்தர் சமஸ்கிருதம்தான், செய்பவர்னு பொருள். அதனால என்ன? தேவனும் சமஸ்கிருதம்தான். 18-ஆம் நூற்றாண்டுல ஃபப்ரிசியுஸ் தமிழ் வேதத்துல பராபரன்னு வச்சார். ஒவ்வொருத்தரும் நம்ம மொழியில சரியான சொல்லைத் தேடி அலைஞ்சிருக்காங்க.

இனி ஏலோஹிம். இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆச்சரியம் உண்டு. அந்தச் சொல்லோட வடிவம் பன்மை, "-இம்" பன்மை விகுதி, எபிரெயத்துல கேருப் கேருபீம் ஆகற மாதிரி. ஆனா ஆதியாகமம் முதல் வசனத்துல அதோட வர்ற வினை "பாரா", ஒருமை. அப்படியே பாத்தா "தேவர்கள் படைத்தான்"ங்கற மாதிரி இருக்கும். இப்ப நம்ம தமிழ் வேதத்தை எடு: "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." தேவன் ஒருமை, சிருஷ்டித்தார் மரியாதைப் பன்மை. எபிரெயம் பேர்ச்சொல்லுல பன்மை வச்சு வினையில ஒருமை வச்சுது, தமிழ் பேர்ச்சொல்லுல ஒருமை வச்சு வினையில பன்மை வச்சுது. கண்ணாடியில பாத்த மாதிரி. அந்தப் பன்மைக்கு காரணம் என்னன்னு பெரிய வாதமே நடக்குது, மகத்துவத்தைக் காட்டற பன்மைன்னு நிறைய பேர் சொல்றாங்க. தாத்தாவை "வந்தாங்க"ன்னு சொல்லி வளந்த நமக்கு அது புரியறதுல ஒரு கஷ்டமும் இல்ல.

உன் ஃபிரெண்ட் அனுப்பின வீடியோவுக்கு வர்றேன். அதுல பாதி உண்மை. "ஏல்"ங்கறது எபிரெயருக்கு மட்டும் சொந்தமான சொல் இல்ல. சிரியா கடற்கரையில ராஸ் ஷம்ராங்கற இடத்துல 1928-ல ஒரு விவசாயி கலப்பை கல்லுல முட்டி ஒரு கல்லறை வெளிய வந்துச்சு, அடுத்த வருஷம் தோண்ட ஆரம்பிச்சப்ப உகாரித்னு ஒரு பழைய பட்டணமே கிடைச்சுது, களிமண் பலகைகளோட. அதுல தேவர்களோட தகப்பனா, தாடி வச்ச வயசாளியா ஏல் இருக்கார், பாகாலும் இருக்கார். அதனால எபிரெயர் கடவுளைக் கூப்பிட அக்கம்பக்கத்து ஜனங்களோட சொல்லையே எடுத்துக்கிட்டாங்கங்கறது நிஜம். வேற எந்தச் சொல்லுல கூப்பிடுவாங்க? இஸ்ரவேல்ங்கற பேர்லயே ஏல்தான் இருக்கு, யா இல்ல. உங்க சபை ரிஜிஸ்டரை வாங்கி பேரை எல்லாம் வாசிச்சுப் பாரு. தானியேல், சாமுவேல், இம்மானுவேல், மிகாவேல், எல்லாத்துலயும் ஏல். ஏசாயா, எரேமியா, சகரியாவுல யா. மிகாவேல்னா ஏலுக்கு நிகர் யார், மீகான்னா யாவுக்கு நிகர் யார், ஒரே கேள்வி ரெண்டு பேர்லயும். எலியான்னா "என் ஏல் யா"தான், யோவேல்னா "யாவே ஏல்". ரெண்டு பேரும் ஒருத்தர்னு அறிக்கையிடறதையே பிள்ளைக்குப் பேரா வச்சிருக்காங்க.

வீடியோக்காரர் இதை ஏதோ மறைச்ச ரகசியம் மாதிரி சொல்றார், ஆனா வேதமே இதை மறைக்கல. யாத்திராகமம் 6:3 எடுத்துப் பாரு, சர்வவல்லமையுள்ள தேவன் என்னும் நாமத்தினால முற்பிதாக்களுக்கு தரிசனமானேன், யேகோவா என்னும் என் நாமத்தினால அவங்களுக்கு அறியப்படலன்னு இருக்கு. அங்க சர்வவல்லமையுள்ள தேவன்னு வர்றது எபிரெயத்துல ஏல் ஷத்தாய், நீங்க பாடற எல்ஷடாய். சர்வவல்லமைங்கறது பின்னாடி கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்பு வழியா வந்த அர்த்தம், மூலச்சொல்லுக்கு மலையோட சம்பந்தம்னு சிலர், தாயோட மார்போட சம்பந்தம்னு சிலர். அந்த நாலெழுத்துப் பேருக்கும் பழைய தடயம் இருக்கு. தெபொராள் பாட்டுல கர்த்தர் சேயீர்ல இருந்து, ஏதோமின் வெளியில இருந்து புறப்பட்டு வர்றார், அதாவது தெற்குப் பாலைவனத்துல இருந்து. சூடான்ல சோலேப்னு ஒரு இடம், எகிப்து ராஜா மூணாம் அமேன்ஹோதேப் கட்டின கோயில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. அங்க ஒரு தூண்ல "யாஹு"ன்னு வாசிக்கக்கூடிய ஒரு பேரோட, ஷாசுங்கற நாடோடிகளோட நிலம்னு வெட்டி வச்சிருக்கு. அது அந்தப் பேர்தான்னு நிறைய ஆராய்ச்சியாளர்கள் நினைக்கறாங்க. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு மோவாப் ராஜா மேசாவோட கல்வெட்டுல சந்தேகமே இல்லாம நாலெழுத்தும் இருக்கு, எதிரி ராஜாவே எழுதி வச்சது. பேருக்கு வரலாறு இருக்குன்னா அந்தப் பேர்ல கூப்பிட்டவங்களுக்கு வரலாறு இருக்குன்னு அர்த்தம், அதுக்காக நீ ஏன் கலங்கணும்?

யெகோவாயீரே, யெகோவாநிசி, யெகோவாஷாலோம், இதெல்லாம் வேதத்துல நேரா கடவுளோட பேர் இல்ல தம்பி. முதலாவது ஆபிரகாம் ஒரு இடத்துக்கு வச்ச பேர், ரெண்டாவது மோசே கட்டின பலிபீடத்தோட பேர், மூணாவது கிதியோன் கட்டினதோட பேர். ஏதோ ஒண்ணு அங்க நடந்துச்சு, அந்த இடத்துக்குப் பேரா நின்னுச்சு. நம்ம பாட்டுலதான் அது கடவுளோட பேரா ஆச்சு, அதுல தப்பில்ல.

ஆனா நேரா கடவுளுக்கே ஒரு ஆள் பேர் வச்ச கதை ஒண்ணு உண்டு, வேதத்துல அதுதான் முதல்ல வருது. அது யாருன்னா ஆகார். எகிப்துக்காரி, அடிமை, கர்ப்பமா இருக்கா, சாராய் கடினமா நடத்தினது தாங்காம வனாந்தரத்துக்கு ஓடி வந்து தண்ணி ஊத்துகிட்ட இருக்கா. ஆபிரகாம் வைக்கல, மோசே வைக்கல, அவ வச்சா: ஏல் ரோயீ, "நீர் என்னைக் காண்கிற தேவன்." ஏல்ங்கற அந்தப் பொதுச்சொல்தான், அதோட தன்னோட நிலைமையைச் சேர்த்துக்கிட்டா. அந்த வீட்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பெண் அவ, அந்த அதிகாரத்துல ஆபிராமும் சாராயும் அவளை அடிமைப்பெண்ணுன்னே சொல்றாங்க, தூதன்தான் முதல்ல "ஆகாரே"ன்னு கூப்பிடறான். பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவ திரும்பி ஒரு பேர் வச்சா. நான் இந்தப் பகுதியை வாசிக்கிறப்பல்லாம் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சிட்டு உட்காந்திருப்பேன்.

அந்த நாலெழுத்துக்கு வேதமே சொல்ற அர்த்தம் எரியற முட்செடி கிட்ட வருது. "எஹ்யே அஷேர் எஹ்யே", நம்ம வேதத்துல "இருக்கிறவராக இருக்கிறேன்." இதை வச்சு பெரிய பெரிய தத்துவம் எழுதியிருக்காங்க. ஆனா ரெண்டு வசனம் முன்னால போ. நான் எம்மாத்திரம், பார்வோன்கிட்ட போகன்னு மோசே பயந்து கேக்கறான், அதுக்கு பதில் "நான் உன்னோடே இருப்பேன்." அங்கயும் எபிரெயத்துல அதே "எஹ்யே"தான். தமிழ்ல ஒரு இடத்துல இருப்பேன், ஒரு இடத்துல இருக்கிறேன்னு வந்ததால நமக்கு அந்தச் சம்பந்தம் கண்ணுக்குத் தெரியறதில்ல. பயந்து நிக்கறவனுக்குச் சொன்ன "இருப்பேன்"தான் பேரா ஆகுதுன்னு நான் நம்பறேன்.

சாக்கடல் பக்கத்து குகைகள்ல கிடைச்ச பழைய வேதச் சுருள்கள், அதான் சாக்கடல் சுருள்கள், அதுல ஒரு சங்கீதச் சுருள் இருக்கு, படத்துல பாத்தாலே தெரியும். மத்த எழுத்தெல்லாம் அந்தக் காலத்து சதுர எழுத்து, அந்தப் பேர் வர்ற இடத்துல மட்டும் எழுதினவன் பல நூற்றாண்டு பழைய எழுத்து முறைக்கு மாறி எழுதியிருக்கான். வேற சில சுருள்ல எழுத்தே இல்ல, நாலு புள்ளி மட்டும். இன்னைக்கும் யூதர்கள் எபிரெய எழுத்தால எண் எழுதறப்ப 15-ஐ பத்தும் அஞ்சுமா எழுத மாட்டாங்க, யோத் ஹேன்னு அந்தப் பேரோட பாதி வந்துடும்னு ஒன்பதும் ஆறுமாத்தான் எழுதுவாங்க. அந்தப் பேர் இருக்கக்கூடிய தாளைத் தூக்கிப் போடவும் கூடாது. அப்படிப் போடாம கெய்ரோவுல ஒரு ஜெபஆலய அறையில நூற்றாண்டுக் கணக்கா சேர்ந்த தாள்கள்ல, 1890-கள்ல கேம்பிரிட்ஜுக்குப் போனது மட்டும் 1,90,000 துண்டுக்கு மேல, அதுக்குள்ள மலபார் கரையோட மிளகு வியாபாரம் பண்ணினவங்க எழுதின கடிதம்கூட கிடைச்சுது. பேர் மேல வச்ச மரியாதையில மிளகுக் கணக்கும் பிழைச்சுக்கிச்சு.

கடைசியா ஒண்ணு. 1979-ல எருசலேம்ல இன்னோம் பள்ளத்தாக்கு ஓரத்துல ஒரு பழைய கல்லறையில காப்ரியேல் பார்கைங்கற ஆராய்ச்சியாளரோட குழு சுருட்டின சின்ன வெள்ளித் தகடு ரெண்டு எடுத்தாங்க. தாயத்து மாதிரி. உடையாம விரிக்கவே வருஷக்கணக்கா ஆச்சு. பெருசு 10 சென்டிமீட்டர்கூட இல்ல, சின்னது 4 சென்டிமீட்டர். அதுல ஊசியால கீறின மாதிரி மெல்லிசா எழுத்து, கி.மு. 600-ஐ ஒட்டின காலம், சாக்கடல் சுருள்களை விட சுமார் 400 வருஷம் பழசு. அதுல அந்த நாலெழுத்து இருக்கு, அதைச் சுத்தி இருக்கற வாக்கியம் உனக்குத் தெரிஞ்சதுதான், எண்ணாகமம் 6-ல இருக்கறது: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." ஆராதனை முடிவுல சபை ஐயர் கையைத் தூக்கிச் சொல்றப்ப ஆச்சி தலைகுனிஞ்சு வாங்கிக்கற அதே வசனம்.

இந்த வெள்ளித் தகடு கதையை ஆச்சிகிட்ட சொல்லு. எவ்வளவு சின்னதுன்னு கேப்பாங்க, சுண்டு விரல் அளவு காட்டு.

அன்புடன்,
அக்கா