கால் மணி நேர டெஸ்ட்டில் 82

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. எட்டாவது வரை தர்மபுரி பக்கம் தமிழ் மீடியம். கணவரின் வேலை மாறியதால் ஜூன் மாதம் பெங்களூரு வந்துவிட்டோம். இப்போது ஒன்பதாவது, இங்கிலீஷ் மீடியம். மார்க் குறைந்ததும் பள்ளி கவுன்சலர் நாலு நாலு படமாகக் காட்டி, ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி, அதற்கான படத்தைத் தொடச் சொன்னாராம். கால் மணி நேரம்தான். "ஸ்கோர் 82, ஐ.க்யூ. கம்மி, எட்டாவதிலேயே போடலாம்" என்கிறார்கள். இத்தனைக்கும் வந்த இரண்டே மாதத்தில் பஸ் போர்டில் கன்னடம் படிக்கிறான். முழு ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா? 82 என்று கேட்டதிலிருந்து அவன் முகமே சரியில்லை.
வாசகி, கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: முதலில், வகுப்பை இறக்கச் சம்மதம் என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது 1959-இல் அமெரிக்காவில் வந்த பீபாடி படச் சொல் டெஸ்ட் மாதிரியான ஒன்று. கேட்ட சொல் புரிகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன்: தொட்டி, கலப்பை, ஏணி, முறம் என்று நாலு படம். "ட்ரஃப்" என்றால் உங்கள் பையன் விழிப்பான். "மாட்டுக்குத் தண்ணி காட்டுறது" என்று சொல்லிப் பாருங்கள், நாம் சொல்லி முடிப்பதற்குள் விரல் தொட்டிமேல் இருக்கும். தொட்டி தெரியாமல் இல்லை, ட்ரஃப்தான் தெரியவில்லை. 82-இல் இதுவும் சேர்த்தி.

சின்ன டெஸ்ட் என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். பெரிய டெஸ்ட்டின் மொத்த ஸ்கோரோடு நெருங்கிப் போகும் பகுதிகளில் சொல்லறிவும் ஒன்று. பிள்ளைகள் பாதி வார்த்தைகளை யாரும் சொல்லித்தராமல், பேச்சின் போக்கிலிருந்து ஊகித்தே பிடிக்கிறார்கள். அந்த ஊகம் புத்தியின் வேலை. அதனால்தான் நூறு பேரை வைத்து ஆராய்ச்சி செய்பவருக்கு, மொத்தத்தில் எப்படி என்று பார்க்க அது போதும். ஆனால் எல்லாப் பிள்ளையும் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தது என்ற நினைப்பில்தான் இந்தக் கணக்கெல்லாம் நிற்கிறது. சில மாதங்களாகத்தான் இங்கிலீஷில் பாடம் கேட்கும் பையன் அதில் சேர மாட்டான்.

எண்ணையும் பெரிதாக்க வேண்டாம். சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். உங்கள் பையன் மூன்று புள்ளிதான் தள்ளி நிற்கிறான். அதே டெஸ்ட்டை இன்னொரு நாள் வைத்தால் நாலைந்து புள்ளி ஏறும், இறங்கும்.

முழு டெஸ்ட் வேறு ரகம். வெக்ஸ்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949-இல் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது, இப்போது ஐந்தாம் பதிப்பு. 6 முதல் 16 வயது வரை செய்யலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைத் திருப்பித் திருப்பி வடிவம் சேர்க்க வேண்டும், சொன்ன எண்களைத் தலைகீழாகத் திரும்பச் சொல்ல வேண்டும். கட்டையைத் திருப்ப இங்கிலீஷ் வேண்டாம் பாருங்கள். ஆனால் இதிலும் சொல் பகுதி உண்டு, அது மொத்தத்தைக் கீழே இழுக்கும். அதனால் எடுத்தால் ஒவ்வொரு பகுதியின் ஸ்கோரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊரில் பல இடங்களில் 1969-இல் மாலின் என்பவர் அதை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்த டெஸ்ட்டைத்தான் வைப்பார்கள். பழசு என்றாலும் சொல், செயல் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்.

உடனே அதற்கு ஓட வேண்டுமா? வேண்டாம் என்பேன். முதலில் காதையும் கண்ணையும் காட்டுங்கள். பின் பெஞ்சில் சரியாகக் கேட்காத பிள்ளைக்கு மக்கு என்ற பெயர் கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் பழைய எட்டாவது அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் தமிழில் படிக்கவிட்டு, கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் பிரச்சினை மொழிதான். டியூஷன் இங்கிலீஷுக்கு வையுங்கள். தமிழிலும் திணறினால் நிம்ஹான்ஸ் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குப் போங்கள், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். எனக்கென்னவோ அந்தப் பஸ் போர்டுதான் கண்ணில் நிற்கிறது. கற்றல் குறைபாடு இருந்தால் புது எழுத்து இவ்வளவு சீக்கிரம் பிடிபடுவது கஷ்டம்.

பள்ளியில் எந்த டெஸ்ட், எந்த மொழியில், யார் வைத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பையனிடம் எண்ணை மறைத்துப் பயனில்லை, தெரிந்துவிட்டது. அந்த மாதிரி நாலு படத்தை நீங்களே வரைந்து, கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லி, அதற்கான படத்தை உங்களைத் தொடச் சொல்லும்படி அவனிடம் கேளுங்கள். உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று அவனே மார்க் போடட்டும்.