சான்றிதழைப் பூட்டி வைத்தால் பிள்ளை திரும்பி வருவானா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ப்ளஸ் டூவில் ஒரு பாடம் போனதிலிருந்து அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. 10 மாதத்துக்கு முன் அவர் கை நீட்டிவிட்டார். அன்றிரவே கிளம்பிப் போய்விட்டான். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குவதாகவும், கடை வாசலில் படுத்துக் கிடப்பதாகவும் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார். 16 வயதிலும் ஒருமுறை ஓடிப்போனான்; எழும்பூர் ஸ்டேஷனில் பிடித்து அனுப்பி வைத்தார்கள். தங்கைக்கு மட்டும் எப்போதாவது போன் செய்வான். போன மாதம் ஆதாரும் மார்க் ஷீட்டும் கேட்டானாம். வந்து அப்பா காலில் விழுந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டோம். எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சேர்க்கை சரியில்லை என்று நினைக்கிறேன். அவனைத் திருத்துவது எப்படி?
- ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சேர்க்கை சரியில்லை என்று சொல்லும் கடிதம் எனக்கு வராத மாதம் இல்லை. அதை விடுங்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு விஷயத்தைப் பேசுவோம். ஆதாரும் மார்க் ஷீட்டும் கேட்டான், நீங்கள் கொடுக்கவில்லை.

கெட்டுப்போகிற பையன் மார்க் ஷீட்டா கேட்பான்? பணம் கேட்டிருப்பான். மூட்டை தூக்கிவிட்டு வந்து மார்க் ஷீட் கேட்கிறவன் எங்கேயோ சேர வேண்டும் என்று நினைக்கிறான். கடை வாசலிலிருந்து எழுந்துவர அவன் எடுத்த முதல் முயற்சி அது. அதைத்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

ஆதார் இல்லாதவன் சென்னையில் என்ன செய்வான், யோசித்தீர்களா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில் வேண்டுமானாலும் ஆதார் நகல் கேட்பார்கள். பேங்க் கணக்குக்கும் அதுதான், ஒழுங்கான கம்பெனி வேலைக்கும் அதுதான். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர் தட்டி எழுப்பி யார் நீ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு அட்டை கிடையாது. நெட்டில் எடுத்துக்கொள்ளட்டுமே என்பீர்கள். ஆதாரில் பதிவாகியிருப்பது உங்கள் கணவரின் போன் நம்பர் என்றால் ஓடிபி அவருக்குத்தானே வரும்? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் டி.சி.யும் கையில் இருந்தால் அரசு ஐடிஐயில் விண்ணப்பிக்கலாம். அங்கே மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி உண்டா என்றும் அங்கேயே விசாரிக்கலாம். போன பாடத்தைத் துணைத்தேர்வில் எழுதிவிடலாம். இத்தனை வழியும் அடைபட்டுக் கிடப்பது அவன் சேர்க்கையாலா, உங்கள் பீரோவாலா?

பெரியவர்கள் காலில் விழும் வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடித்தவர் காலில் விழுந்தால்தான் உன் சான்றிதழ் என்பது பணயம் பிடிப்பது. அந்த மார்க் ஷீட் அவன் படித்து வாங்கியது. கடன்காரனிடம்கூட நாம் இப்படி நடந்துகொள்ள மாட்டோம். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அவன் சொந்தக் காலில் நிற்கும்வரை கடமை இருக்கிறது. அவன் பணிந்தானா இல்லையா என்று பார்த்துச் செய்கிற கடமை இல்லை அது. சொன்னது உங்கள் கணவராகவே இருக்கட்டும், பீரோ சாவி எந்த வீட்டிலும் அம்மாவிடம்தான் இருக்கும்.

இன்னொன்று. 16 வயதில் ஓடியபோது அவனை விசாரிக்க ரயில்வே போலீஸ், குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு என்று ஆட்கள் இருந்தார்கள். 18 தாண்டியவனுக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. அன்று திரும்பி வந்தவனிடம் ஏன் போனாய் என்று யாராவது உட்கார வைத்துக் கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடி அப்போதே இருந்ததா என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரிஜினலோடு சென்னைக்குக் கிளம்புங்கள். துணைக்கு அவன் தாய்மாமன் வரட்டும், கணவர் வேண்டாம். தங்கை மூலம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அதோடு அந்தச் சின்னப் பெண்ணைத் தூது விடுவதை நிறுத்துங்கள். கோயம்பேட்டில் லாரிகள் வருவதும் சரக்கு இறக்குவதும் ராத்திரியில். விடிந்து, வேலை ஓய்ந்த பிறகு போனால் அவனோடு பேச நேரம் கிடைக்கும். ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் அவன் நம்பரையே பதியச் செய்யுங்கள்.

தங்க இடமில்லை என்றால், மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன. காசு வாங்க மாட்டார்கள். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம் அவை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் சொல்லியிருக்கிறது. அங்கே தங்குவதில் கேவலம் எதுவும் இல்லை, கடை வாசலில் கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வீட்டுக்கு வா என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். உங்கள் கணவர் இனி கை ஓங்க மாட்டேன் என்று அவர் வாயால் அவனிடம் சொல்லும்வரை அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து இன்னொரு மாதம் தள்ளிப் போடாதீர்கள். ஐடிஐ சேர்க்கை அறிவிப்பு வரும்போது சான்றிதழ் அவன் கையில் இருக்க வேண்டும். இந்த வாரமே போங்கள்.