கருத்தடைக்கான மாத ஊசி, மூன்று மாத ஊசி: வாசகர் கேள்விகள்

கே: வெளிநாட்டில் எனக்கு மாதாமாதம் ஊசி போட்டார்கள். இங்கே கிளினிக்கில் மூன்று மாத ஊசி. இரண்டும் ஒரே மருந்தா? (கொக்குவில்)

ப: இல்லை. டெப்போ என்று நாம் சொல்லும் மூன்று மாத ஊசியில் ஒரே ஹோர்மோன்தான்: மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோன் 150 மி.கி. மாத ஊசியில் இரண்டு. சைக்ளோஃபெம் என்றால் அதே மருந்து 25 மி.கி., கூடவே எஸ்ட்ராடயோல் 5 மி.கி. மெசிஜைனா என்றால் நோரெதிஸ்டரோன் 50, எஸ்ட்ராடயோல் 5. இந்த எஸ்ட்ராடயோலால்தான் மாதவிடாய் ஓரளவு ஒழுங்காக வருகிறது. டெப்போவில் முதலில் விட்டுவிட்டு இரத்தம் படும், போகப்போகப் பலருக்கு நின்றுவிடும், பயப்பட வேண்டாம்.

மாறுவதென்றால், அடுத்த மாத ஊசிக்குரிய நாளிலேயே டெப்போ போடலாம். பழைய ஊசியின் பெட்டியையோ அட்டையையோ கட்டாயம் கொண்டுபோங்கள். 'ஊசி போட்டனான்' என்று மட்டும் சொன்னால் மருத்துவமாது நாள் கணிக்க முடியாது.

கே: கடல் கொந்தளிப்பால் படகு ஓடவில்லை. ஊசி நாள் தவறிவிட்டது. (நெடுந்தீவு)

ப: எந்த ஊசி என்பதுதான் முதல் கேள்வி. டெப்போ 13 வாரத்துக்கு ஒருமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 4 வாரம் பிந்தினாலும் போடலாம். மாத ஊசிக்கு 7 நாள் மட்டுமே. அதற்கும் பிந்தினால் கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்து போட்டு, பிறகு 7 நாள் ஆணுறை பாவிக்க வேண்டும்.

முந்தியும் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது: மாத ஊசியை 7 நாள், டெப்போவை 2 வாரம். காற்றுக்காலத்தில் தீவுப்பகுதிப் பெண்கள் முந்தியே போட்டுக்கொள்ளுங்கள். குறிகட்டுவான் படகை நம்பிக் கடைசி நாள்வரை இருக்காதீர்கள்.

கே: பிள்ளைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும்தான். மாத ஊசி போடலாமா?

ப: வேண்டாம், ஆறு மாதம் கழியட்டும். டெப்போ ஆறு வாரத்திலிருந்தே போடலாம்.

கே: வயது 38, பிரஷர் 150/95.

ப: மாத ஊசி உங்களுக்குக் கூடாது. 140/90 தாண்டினாலே எஸ்ட்ராடயோல் சேர்ந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும், கண்முன் மின்னல்போலத் தெரிந்து தலைவலி வருபவர்களுக்கும் அப்படித்தான். டெப்போவை உங்கள் அளவு பிரஷருக்குப் பொதுவாகப் போடலாம். 160/100 ஆனால் அதுவும் வேண்டாம்.

கே: ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடலாமா?

ப: தேய்க்காதீர்கள். மருந்து தசைக்குள் இருந்து மெல்ல மெல்லக் கசிய வேண்டும். தேய்த்தால் கெதியாக உறிஞ்சப்பட்டுவிடும்.

கே: நிறுத்தி எவ்வளவு காலத்தில் பிள்ளை தங்கும்?

ப: கடைசி ஊசியிலிருந்து சராசரியாக, மாத ஊசிக்கு 5 மாதம், டெப்போவுக்கு 10 மாதம். இது தாமதம்தான், மலட்டுத்தன்மை இல்லை. அடுத்த வருடம் பிள்ளை வேண்டுமென்றால் டெப்போவை இப்போதே நிறுத்திவிட்டு, அதுவரை ஆணுறை பாவியுங்கள்.